காருக்கு ஒரு பிளாக்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு மண்ணெண்ணெய் வாசனைகள் இருந்தன. ஒன்று என் தகப்பனாரான அத்தாவுடையது. அச்சு மை துடைத்த துணியிலிருந்து வருவது, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும். மற்றது அம்மாவின் தம்பியான என் மாமுவுடையது. இஞ்சின் கழுவிய மண்ணெண்ணெயோடு இரும்பும் புகையும் கலந்து மூக்கு நுனியிலேயே நிற்கும். இருவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டால், "நான் வைக்கிற மீன் ஆணம் எதுக்கு? ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மோந்துக்கிட்டே சோத்த உண்ணுங்க" என்று அம்மா தட்டை நகர்த்துவாள்.

விருதுநகரில் ஐம்பதுகள் முடிகிற சமயம். வருஷம் சரியாக நினைவில்லை. அத்தா தினமும் காலை பஸ்ஸில் சிவகாசிக்குப் போய் வருவார். பெரிய பட்டாசுக் கம்பெனிகள் நாலு கலரில் பளபளவென்று லேபிள் அடித்துக்கொள்ளும். அதற்கு வசதியில்லாத சின்னக் கம்பெனிகளிடம் ஆர்டர் பிடித்து, ஒரு கலரிலோ இரண்டு கலரிலோ லேபிள் அடித்துக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். மயிலோ ரோஜாவோ ஒரு படத்தை மெட்ராஸுக்கு அனுப்பினால், அதைத் துத்தநாகத் தகட்டில் எடுத்து, மரக்கட்டையில் ஆணி அடித்து, உள்ளங்கை அகலத்தில் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் "பிளாக்". தேய்ந்துபோன பிளாக்குகள் எங்கள் வீட்டில் ஒரு சாக்கு நிறைய இருந்தன, எனக்கு விளையாட்டுச் சாமான் அவைதான். பிளாக்கில் எல்லாமே திருப்பித்தான் இருக்கும். தகட்டில் இடப்பக்கம் பார்க்கிற மயில் லேபிளில் வலப்பக்கம் பார்க்கும். நான் எழுத்தைக் கற்றதும் அந்தத் தகடுகளில்தான் என்பதால், ஒன்றாம் வகுப்பில் "க"வைத் திருப்பி எழுதி வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

மாமுவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் பார்த்தார். கை நல்ல கைதான், ஆனால் எதையும் முடிவு செய்யத் தெரியாத மனிதர். ஹோட்டலுக்குப் போனால் தோசையா இட்லியா என்று யோசித்துக் கடைசியில் டீ மட்டும் குடித்துவிட்டு வருவார். கொட்டகைக்கு வண்டிகள் வருவது குறைந்துகொண்டே வந்தது. பினாங்கில் கடை வைத்திருந்த பெரியம்மாவோ, "கடைக்கு ஆள் வேணும், தம்பியக் கப்பல் ஏத்தி விடு" என்று தபாலுக்குத் தபால் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தத் தபால் வருகிற நாளிலெல்லாம் அம்மா, "கப்பல் ஏறுன ஆம்பளைகள்லாம் அப்பறம் காயிதத்துலதான் வீட்டுக்கு வருவாக" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கார் வந்தது. சிவப்புக் கார், இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, முன்பக்கம் மட்டும் நீளமாக இருக்கும். மலைத்தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பண்ணையார் தன் மகனுக்காக வாங்கியது. மகன் தண்ணீர் ஊற்றாமலே ஓட்டி, இஞ்சினைக் காய வைத்து வெடிக்கவிட்டான். பண்ணையார் காரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து மாமுவின் கொட்டகையில் இறக்கினார்.

"பொங்கலுக்குள்ள ஓட்டியாங்க தம்பி. ஓட்டியாந்துட்டீகன்னா நம்ம லாரி, டிராக்டரு, கெணத்து இஞ்சினு அம்புட்டும் ஒங்க பொறுப்பு" என்றார்.

ஆக, கார் ஓடினால் மாமு ஊரில் இருப்பார், ஓடாவிட்டால் கப்பல். என் சின்ன மண்டைக்குத் தெளிவாகப் புரிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் குழப்பம்.

அன்று சாப்பாட்டில் உட்கார்ந்த மாமு, "பிளாக் போச்சுக்கா. வேற பிளாக் கெடச்சாத்தான் ஆச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். இவ்வளவுதானா என்று நான் ஓடிப்போய் என் சாக்கிலிருந்து மயிலை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமு சிரித்த சிரிப்பில் சோறு புரையேறியது. மறுநாள் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டுபோய், காரின் வயிற்றிலிருந்து இறக்கி வைத்திருந்த கனத்த இரும்புக் கட்டியைக் காட்டினார். நான்கு பெரிய குழிகள், சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். "இதான் புள்ள பிளாக். இஞ்சினுக்கு ஒடம்பே இதான்" என்றார். இதுவும் பிளாக், அதுவும் பிளாக் என்றால் கடைக்காரன் எதைக் கொடுப்பான் என்று நான் கேட்டேன். தெருவிலும் இதே குழப்பம்தான். ஊருக்குப் புதிதாக வந்திருந்த சர்க்கார் பிளாக் ஆபீஸைத்தான் மாமு தேடுகிறார் என்று நினைத்து, "தம்பிக்குப் பிளாக்குல வேலை ஆயிருச்சாமே, எம்புட்டுச் சம்பளம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் அத்தாவிடம் விசாரித்தார்.

மாமுவுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. வெடித்த பிளாக்கையே ஒட்டவைத்துப் பார்ப்பது ஒன்று. இரண்டாவது, சூலக்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் கிடந்த பழைய டாக்ஸியின் பிளாக். அந்த டாக்ஸியும் அதே இங்கிலீஷ் கம்பெனியின் வார்ப்புதான், முக்கால்வாசி பொருந்தும். மூன்றாவது, மெட்ராஸில் பழைய சாமான் கடைகளில் தேடி, இந்தக் காருக்கே உரிய பிளாக்கை வரவழைப்பது. டாக்ஸிப் பிளாக்கைச் சும்மா பார்ப்பதற்கென்று கொண்டுவந்து, வெடித்ததற்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சுத்தியலால் மாறி மாறித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோன அம்மா கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டு, வெடித்ததைக் காட்டி, "பானையா இருந்தா இத நான் வாங்கமாட்டேன்" என்றாள். அதோடு முதல் வழி அடைபட்டது.

டாக்ஸிப் பிளாக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. இஞ்சினுக்கு மேல்மூடி போல ஒன்று உண்டு, அதற்கு "ஹெட்" என்று பெயர். பிளாக்கில் ஓடுகிற தண்ணீர் ஓட்டைகள் வழியாக மேலேறி ஹெட்டுக்குள் போக வேண்டும், இரண்டின் ஓட்டைகளும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். மாமு பேப்பரை மேலே விரித்து, கிரீஸ் கையால் தேய்த்து, ஓட்டைகளின் அச்சை எடுத்தார். காரின் ஹெட்டில் எல்லாம் வட்டமாக விழுந்தது. டாக்ஸிப் பிளாக்கில் விழுந்ததோ வளைந்து நீண்டு, வாழைப்பழம் வாழைப்பழமாக இருந்தது. இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டுமா நேராகப் பார்க்க வேண்டுமா என்று மாமு குழம்பி நிற்கும்போது அத்தா வந்தார்.

"என்ன மாப்ளே, நீயும் அச்சடிக்க ஆரம்பிச்சிட்டியா? எதுன்னாலும் திருப்பித்தான் பாக்கணும்" என்றார்.

திருப்பியும் பார்த்தார்கள். வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருந்தது.

அப்புறம் ஒரு வாரமோ என்னவோ மாமு அந்தத் தாள்களைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். ஒரு மாலையில் என்னைக் கூப்பிட்டு, இரண்டு விரலை நீட்டி, "ஒரு வெரலத் தொடு புள்ள" என்றார். நான் நடுவிரலைத் தொட்டேன். "சரி, மெட்ராசு" என்றார். நடுவிரலை மெட்ராஸ் என்று முன்பே நினைத்து வைத்திருந்தாரா, நான் தொட்ட பிறகு நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைக்காரருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று போட்டோக்காரரை வரவழைத்து, மாமுவைக் காரிலேயே உட்காரவைத்து, ஒரு போட்டோ எடுத்தார்கள். காரின் மூக்கு வலப்பக்கம் பார்த்தது. மாமு ஓடாத காரில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் போகிறவர் மாதிரிக் கண்ணைச் சுருக்கியிருந்தார். போட்டோவின் பின்பக்கம் இஞ்சின் நம்பரை எழுதினார். அத்தா தன் மெட்ராஸ் சிநேகிதருக்கு மாதாமாதம் அனுப்பும் கவரில் அதையும் சேர்த்து வைத்தார்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பார்சல் வந்திருப்பதாக ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. மாமு ஒரு மாட்டுவண்டியும், தூக்கிவிட நான்கு ஆட்களும், வடக்கயிறும் ஏற்பாடு செய்துகொண்டு போனார். பள்ளிக்கூடம் இல்லாத நாள், நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பார்சல் குமாஸ்தா உள்ளே போய், ஒரு கையால் தூக்கிவந்து, சாக்குத் துணியில் தைத்த சின்னக் கட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"பெருசு எங்கண இருக்கு?" என்றார் மாமு.

"இம்புட்டுத்தாங்க வந்துருக்கு."

பிரித்தால் மூன்று கட்டைகள். ஒரு மயில், ஒரு ரோஜா, ஒரு கார். மாமு காரைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார். "என்ன இது, ஸ்டியரிங்கு எடப்பக்கம் போயிருச்சு?" என்று மட்டும் கேட்டார். பிளாக்கில் எல்லாம் திருப்பித்தான் இருக்கும் மாமு, என்று நான் சொன்னேன். தூக்க வந்த நான்கு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். அத்தா மெட்ராஸுக்கு எழுதியிருந்தது: மயிலுக்கு ஒரு பிளாக், ரோஜாவுக்கு ஒரு பிளாக், காருக்கு ஒரு பிளாக். சிநேகிதர் மூன்று படத்தையும் பிளாக் செய்கிறவரிடம் கொடுத்துவிட்டார். அவர்மேல் என்ன குற்றம் சொல்வது? சிவகாசித் தொழிலில் இருப்பவன் படத்தையும் அனுப்பிப் பிளாக்கும் கேட்டால் யார்தான் இரும்பைத் தேடிப் போவார்கள்? அத்தா அன்று சாப்பிடவில்லை. "எம்பொழப்பு என் கண்ணக் கட்டிருச்சு மாப்ளே" என்றார். மாமு, "விடுங்க மச்சான், படம் நல்லாத்தான் விழுந்துருக்கு" என்று அவரைத் தேற்றினார்.

மறுபடி எழுதிப் போடப் பொழுதில்லை. மாமு டாக்ஸிப் பிளாக்கையே எடுத்து, வாழைப்பழ ஓட்டைகளின் இரு முனைகளையும் பித்தளைத் துண்டுகளால் அடைத்து வட்டமாக்கி, ஹெட்டைப் பூட்டினார். பொங்கலுக்கு முந்திய நாள் இஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். காரைப் பண்ணையாரிடம் ஒப்படைக்கக் கிளம்பிய மாமு, பக்கத்து ஸீட் சும்மாதானே இருக்கிறது என்று என்னை ஏற்றிக்கொண்டார். சிவகாசி வரைக்கும் நாங்கள் போன வேகத்தை நான் அதற்குப் பிறகு எந்த வாகனத்திலும் பார்க்கவில்லை. வாய்க்குள் காற்று புகுந்து பேசவே முடியவில்லை. நான் தொட்ட விரல் என்னவானால் என்ன, மாமு எங்கேயும் போகப்போவதில்லை என்று நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

சிவகாசியைத் தாண்டிப் பருத்திக் காடுகளுக்கு நடுவே போகும்போது பின்னால் வெள்ளைப் புகை வந்தது. அழகாக இருக்கிறதே என்று நான் கை தட்டினேன். மாமுவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அடைத்த இடத்தில் கசிந்த தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே இறங்கியிருந்தது. கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கடைசியில் வழியில் போன உழவர் ஒருவர் தன் மாடுகளைப் பூட்டி இழுத்துவர, நாங்கள் பண்ணையார் வீட்டு முற்றத்தில் போய் இறங்கினோம். பண்ணையார் கோபப்படவில்லை. எனக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, மாமுவைப் பார்த்து, "ஓட்டியாரச் சொன்னேன் தம்பி, பூட்டியாந்துட்டீகளே" என்றார்.

மாமு கப்பல் ஏறினார். விருதுநகர் ஸ்டேஷனில் எல்லோரும் திரும்பிப் பார்க்க நான் அழுதேன். அவருக்கு வருத்தமா, அல்லது இனிமேல் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்ற நிம்மதியா, அதுவும் எனக்குப் புரியவில்லை. ரயில் நகரும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

செய்த பிளாக்கை வீணாக்க மனமில்லாமல் அத்தா அதைத் தாயில்பட்டிப் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்றில் காட்டினார். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த சீசனிலிருந்து "கார் மார்க் கம்பி மத்தாப்பு" வந்தது. தீபாவளிக்குத் தீபாவளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாமு பெட்டிக் கடைகளிலெல்லாம் கார் ஓட்டினார். பினாங்கிலிருந்து எழுதும்போதெல்லாம், "அந்தக் காரு ஓடுதா?" என்று ஒரு வரி கேட்பார். அம்மா என்னை எழுதச் சொல்லும் பதிலும் எப்போதும் ஒரே பதில்தான்: "சீசனுக்கு லோடு லோடா ஓடுது."

மாமு திரும்பி வரவேயில்லை. பினாங்கிலேயே அடங்கினார், அந்தச் செய்தியும் அம்மா சொன்னபடி காயிதத்தில்தான் வந்தது. மத்தாப்புக் கம்பெனி கைமாறி, லேபிள் மாறி, இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் பல கலரில் வருகிறது. துத்தநாகப் பிளாக் என்றால் சிவகாசியிலேயே சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் வாசனை வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. போன வருஷம் மதுரையில் டாக்டர், "நெஞ்சுல ரெண்டு பிளாக் இருக்கும்மா" என்றபோது, என்ன படம் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

அந்தக் கார்ப் பிளாக் மட்டும் என்னிடம் இருக்கிறது, முன்னறை அலமாரியில். எதிரே நின்று பார்த்தால் அதற்கு வலப்பக்கம் தெருவாசல், இடப்பக்கம் வீட்டுக்குள் போகும் வழி. ஒருமுறை மை தடவி அடித்துப் பார்க்கலாமே, மாமுவின் முகம் நேராகத் தெரியுமே என்று என் மகள் ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்கிறாள். நான் விடுவதில்லை. அச்சடித்தால் மாமு தெருவைப் பார்த்துப் போகிறார். தகட்டில் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறார்.