ஒரு வருடம் எடோ, ஒரு வருடம் ஊர்

மொன்றியல் நகரின் வில்லரேயில் நாங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளச் சன்னலில் முகமில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கறுத்த மரப்பெட்டியின் மேல் இருக்கை. தலையில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, மார்பில் சிவப்புக் கயிற்றால் கோத்த தகடுகள், இடுப்பில் ஒரு வாள். காலடியில் ஒரு சிறு விளக்கு எரிந்தபடியே இருக்கும். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போகும்போதெல்லாம் நின்று அவரைப் பார்ப்பேன். தகடுகளை எண்ணுவேன். எதைக் கண்டாலும் எண்ணுவது என் பழக்கம். கண்ணாடியில் பனி படிந்திருப்பதால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொகை வரும், அது ஒரு அந்தரம். பெட்டி, விளக்கு, ஆயுதம் எல்லாம் இருந்தபடியால் அவர் இந்த வீட்டு வைரவர் என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளைக்காரரிலும் காவல் தெய்வம் வைத்திருக்கிற ஆட்கள் உண்டாக்கும் என்று நினைத்தேன்.

தைப்பொங்கல் அன்று ஒரு கிண்ணத்தில் பொங்கல் எடுத்துக்கொண்டு, உறைந்த இரும்புப் படிகளால் இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுச் சொந்தக்காரர் றெமி கதவைத் திறந்தார். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். நான் சப்பாத்தைக் கழற்றி, நேரே போய், கிண்ணத்தை விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். அவர் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில், “மிஸ்யூ, இவர் சாப்பிட மாட்டார். உள்ளே ஆள் இல்லை,” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துத் தானே சாப்பிடத் தொடங்கினார். அது சாமுராய் எனப்பட்ட ஜப்பானியப் போர்வீரரின் கவசம், அதுவும் அசல் இல்லை, தபாலில் வந்த பிரதி என்று பொங்கலுக்கு நடுவே சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கீழே போய்வந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் மேலே குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும்தான் இருக்கும். றெமிக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும். ஷோகன் எனப்பட்ட தளபதிகள் பேரரசரைப் பேருக்கு வைத்துக்கொண்டு எடோ நகரத்திலிருந்து நாட்டை ஆண்டது, அவர்களுக்குக் கீழே இருநூற்றுக்கு மேற்பட்ட பிரபுக்கள், அந்தப் பிரபுக்களுக்குக் கீழே சாமுராய்கள் என்று அவர் வரிசையாகச் சொல்வார். எடோ என்பது இன்றைய டோக்கியோ. பிரபுவின் தகுதியை நெல்லால் அளந்தார்கள் என்றபோதுதான் நான் நிமிர்ந்து இருந்தேன். நான் கிளிநொச்சியில் நெல் கொள்வனவு நிலையத்தில் கணக்கெழுதியவன். ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான அரிசிக்கு அவர்கள் அளவையில் ஒரு கொக்கு என்று பெயர். பத்தாயிரம் கொக்கு விளையும் நிலம் இருந்தால் பிரபு. சீனி வருத்தம் வந்து சோற்றைக் குறைத்தபின் நான் அரைக் கொக்கு ஆள் என்றேன். றெமி சிரிக்கவில்லை, ஒன்றிரண்டு கொக்கோடு காலம் தள்ளிய ஏழைச் சாமுராய்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிரபுக்கள் ஏன் கலகம் செய்யவில்லை என்று கேட்டேன். அவர்களுக்குப் படை இருந்தது, நிலமும் நெல்லும் இருந்தன. றெமி சொன்னார்: ஒவ்வொரு பிரபுவும் ஒரு வருடம் எடோவில் இருக்க வேண்டும், மறு வருடம் தன் ஊருக்குப் போகலாம். ஆனால் மனைவியும் வாரிசும் எந்த வருடமும் எடோவை விட்டுப் போக முடியாது. தெருவழிச் சாவடிகளில் காவலர் முக்கியமாக இரண்டைத் தேடினார்கள், எடோவுக்குள்ளே வரும் துவக்கை, அதாவது துப்பாக்கியையும் எடோவை விட்டு வெளியே போகும் பெண்ணையும். பெண்ணைச் சோதிக்கப் பெண்களே இருந்தார்கள், கூந்தலைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள்.

“அந்தப் பெண்களைக் கேட்டார்களா?” என்றேன்.

“எதை?”

“சம்மதமா என்று.”

கலியாணத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பெரிய குடும்பங்களில் எல்லாம் பேசிச் செய்த கலியாணங்கள்தான் என்று விளக்கிவிட்டு, “உங்கள் ஊரிலும் அப்படித்தானே,” என்று கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். பிணையாக இருக்கச் சம்மதமா என்றுதான் கேட்டேன் என்று திருத்திச் சொல்ல என்னிடம் சொற்கள் போதவில்லை.

போர் நடந்தபோது, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக அங்கே ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பாஸ் எடுக்க ஒரு ஆளைப் பிணை வைக்க வேண்டும், போனவர் திரும்பாவிட்டால் அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கல்லுக்காக நான் கொழும்புக்குப் போனபோது எனக்குப் பிணை நின்றவள் என் மனைவி பூரணம். அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வீட்டுக்கு ஓடினாள். கொழும்பில் என் சிநேகிதன் ஒருவன், “இனி ஏன் திரும்பிப் போறாய்? இப்பிடியே வெளிநாட்டுக்குப் போ, பேந்து அவையளைக் கூப்பிடலாம்,” என்றான். நான் படகேறிக் கிளாலிக் கடலால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனேன். வீரம் ஒன்றும் இல்லை. அவள் அங்கே இருந்தாள், அதனால் போனேன். இருநூற்றுச் சொச்சம் பிரபுக்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை நான் றெமியிடம் படிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட்டவன் மகன் குமரன். வந்த சில மாதங்களில் டொரோண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் மகள் சுகந்திக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. பூரணம் உதவிக்குப் போனாள், போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் மொன்றியலில் நின்றேன், பத்து வருடமாக விசேஷ நாட்களில் மட்டும்தான் ஒருவரை ஒருவர் கண்டோம். யாரும் எங்களைப் பிரிக்கவில்லை. வீடுகள் சின்னன், பிள்ளைகளுக்கு வேலை, அவ்வளவுதான். இப்போது குமரனின் மனைவிக்குச் சித்திரையில் பிள்ளை. ஒரு சனிக்கிழமை குமரன் என் பக்கத்தில் வந்து இருந்தான்.

“அப்பா, அம்மா இஞ்சை வரட்டும். நீங்கள் அக்கா வீட்டை போங்கோ. பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிவர ஆள் வேணுமாம். ஒரு வருசம். பேந்து மாத்துவம்.”

“ரெண்டு பேரும் ஒரு இடத்திலை இருக்கேலாதோ?”

“அறை எங்கையப்பா?”

கேள்வி நியாயமானது. நான் அறைகளை எண்ணி முடித்து ஓம் என்றேன்.

றெமியிடம் சொன்னேன். நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் தன் தம்பியின் கட்டடத்தில் ஒரு இரண்டரை, ஜூலை முதலாம் திகதி காலியாகிறது என்றார் அவர். இந்த ஊரில் வீட்டை அறைக் கணக்கில் சொல்வார்கள், குளியலறைக்கு அரை. ஜூலை முதலாம் திகதி பாதி நகரம் வீடு மாறும். எங்கள் இரண்டு பேரின் முதியோர் உதவிப்பணமும் வாடகைக்குக் காணும். ஆனால் அந்தக் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பூரணம் ஓம் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கேட்க முடியாது. அவள் பேசும்போது போன் எப்போதும் சத்தமாக, நடு ஹோலில், பேரப்பிள்ளைகளுக்கு மத்தியில் இருக்கும்.

அதனால் கிங்ஸ்டன் வரை பொறுத்திருந்தேன். மொன்றியலுக்கும் டொரோண்டோவுக்கும் இடையில், கிங்ஸ்டனில், பெருந்தெருவோரத்துக் கோப்பிக்கடை ஒன்றில் பெற்றாரை மாற்றிக்கொள்வது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். இரண்டு காரும் பாதிப் பாதித் தூரம் ஓடினால் போதும். குமரனும் சுகந்தியும் பெட்டிகளை மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூரணம் சன்னலோர மேசையில் இருந்தாள். தலைமயிர் முற்றாக வெளுத்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

“இஞ்சருங்கோ, மெலிஞ்சு போனியள்,” என்றாள்.

நான் இரண்டரையைப் பற்றிச் சொன்னேன். அடுப்பு எங்கே, சன்னல் எந்தப் பக்கம், பஸ் எங்கே நிற்கும் எல்லாம் சொன்னேன். அவள் கோப்பி மூடியைத் திறந்து ஆவியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“குசினிக்குச் சன்னல் இருக்கோ?”

“இருக்கு.”

“ஜூலையிலை பிள்ளைக்கு மூண்டு மாசந்தானே ஆகும். மருமகள் தனியச் சமாளிக்க மாட்டாள்.”

“குமரன் இருக்கிறான்.”

“அவனுக்குப் பிள்ளைக்குத் தலை துடைக்கத் தெரியுமே?” சிரித்தாள். பிறகு, “அடுத்த ஜூலையிலையும் வீடு காலியாகுந்தானே? அப்ப கேட்டுப் பாருங்கோ,” என்றாள்.

ஷோகனின் ஆட்சி முடியப்போகும் நாட்களில் அந்தப் பெண்களை ஊருக்குப் போகலாம் என்று விட்டார்களாம். பலர் எடோவிலேயே பிறந்தவர்கள், சொந்த ஊர் என்று சொல்லப்பட்டதை அவர்கள் கண்டதேயில்லை. அதை அவளுக்குச் சொல்ல நினைத்தேன். அதற்குள் சுகந்தி வந்து, “அப்பா, பின்னேர ட்ராஃபிக் வரப்போகுது,” என்றாள். றெமிக்கு இல்லை என்று சொல்லும்படி குமரனிடம் சொன்னேன். எதற்கு இல்லை என்று அவன் கேட்கவில்லை. பூரணம் என் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டு அவன் காரில் ஏறினாள், நான் இவ்வளவு நேரமும் இருந்துவந்த இடத்தில். அந்தக் கார் கிழக்கே போகும் பாதைக்குத் திரும்பியது.

நான் சுகந்தியின் காரில் அவள் இருந்த இடத்தில் ஏறினேன். இருக்கை இளஞ்சூடாக இருந்தது. இந்த நாட்டுக் கார்களில் இருக்கையைச் சூடாக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அது போட்டிருக்கிறதா என்று சுகந்தியிடம் கேட்கலாம். மேற்கே போகும் பெருந்தெருவில் ஏறியபிறகும் நான் கேட்கவில்லை.