அமுங்காத கட்டை

அந்தப் பியானோவை லாரியிலிருந்து இறக்கிய ஐந்து பேரில் நானும் ஒருவன். மெட்ராஸில் வீட்டை விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பம் அதைக் கவரைப்பேட்டைப் பக்கம் இருந்த எங்கள் சின்ன வேதக்கோயிலுக்குக் கொடுத்திருந்தது. படியேற்றும்போது அது என் பக்கம் சாய்ந்ததில், உள்ளே இருந்த கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை முனகின. எத்தனையோ நெல் மூட்டை தூக்கிய தோள் இது. எந்த மூட்டையும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அன்றைக்கே அதை வாசித்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. ஆறாவதோடு பள்ளியை விட்டு, சைக்கிள் கடை, செங்கல் சூளை, லாரி என்று சுற்றி, ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்க வந்து சேர்ந்திருந்தேன். மில்லுக்குப் பின்னால் இருந்த அறையில் என்னோடு இன்னொருவன் தங்கியிருந்தான். அவனும் மூட்டைதான் தூக்கினான். என் வயதுதான். ஆனால் பத்தாவது பாஸ்.

போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. ஐயரம்மாவுக்குப் பியானோ தெரியும். மாற்றலாகிப் போவதற்குள் ஒருவரைத் தயார் செய்துவிடலாம் என்று, யாருக்கு விருப்பம் எனக் கேட்டார். கை தூக்கியது நாங்கள் இரண்டு பேர்தான். இங்கிலீஷ் எழுத்தில் ஸ்வரம் போட்ட புத்தகத்தை நீட்டினார். அவன் படித்தான். நான் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஐயரம்மா அவனையே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவனோடு சாப்பிட உட்காருவதே கஷ்டமாகிவிட்டது. சோற்றுத் தட்டின் விளிம்பில் விரல்களை நடக்கவிடுவான்.

"நிறுத்துறியா? பேஜாரா கீது."

"பாடம்பா" என்பான், சிரித்துக்கொண்டே.

முன்பெல்லாம் அவன் விரல்களை நான் பார்த்ததே இல்லை. இப்போது அவை என்னுடையதைவிட நீளம் என்று தெரிந்தது.

சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டுவது என் வேலை. பாடமும் அப்போதுதான் நடக்கும். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு பார்ப்பேன். இடது கோடியில் ஒரு கட்டை அமுங்காது. "அது ஊமை, விட்டுடு" என்றார் ஐயரம்மா. அவன் இடது சுண்டுவிரலைக் கம்பத்தில் சாய்வதுபோல அதன் மேல் வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் வாசிக்கப் பழகினான்.

அது ஏன் ஊமை என்று எனக்குத் தெரியும். பியானோ வந்த மாசமே அறுப்பின் பண்டிகை வந்தது. சனங்கள் நெல்லும் பூசணியும் கோழியுமாகக் கொண்டுவந்து முன்னால் குவித்தார்கள். பியானோவைத் திறந்து அழகு பார்த்தவர்கள், நெல் கூடைகளை அதன் மேலேயே வைத்துவிட்டார்கள். மறுநாள் கட்டைகளின் மேல் கிடந்த நெல்லைத் துடைத்தவன் நான்.

அவன் முதன்முதலாக ஆராதனையில் வாசிக்க இருந்த ஞாயிறுக்கு முந்தின நாள், எல்லோரும் போன பிறகு, முன்பலகையின் திருகுகளைக் கழற்றினேன். வளைத்த கம்பியால் துழாவியதில் இரண்டு நெல்மணிகள் வந்தன. கட்டையை அழுத்தினேன். தொலைவில் மில் எஞ்சின் கிளம்புவதுபோல ஆழமாக ஒரு சத்தம். ஒருமுறைதான் அழுத்தினேன். பலகையை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் விரல் அங்கே வந்து உட்காரும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கை வைத்ததும் பாட்டுக்கு அடியில் 'பொம்' என்றது. விரலை எடுத்தான், பழக்கத்தில் மறுபடி வைத்தான், மறுபடி 'பொம்'. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உரக்கவே கேட்டார்: "இன்னாபா, கூட்ஸு வண்டி வருதா?" பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பிடரி வியர்ப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு சரணம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் சரணத்தில் அவன் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டான். ஒன்பது விரலிலேயே வாசித்து முடித்தான். எனக்கு அதிலும் பொறாமை.

மத்தியானம் அறையில் கேட்டான்: "அந்தக் கட்டையை நீதான நோண்டின?"

"நெல்லு மாட்டிக்கினு இருந்துச்சு. எடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

அடிப்பான் என்று நினைத்தேன். அவனோ, "வலது பக்கம் இன்னும் ரெண்டு கட்டை இறங்கல. அதையும் எடுத்துக் குட்றா" என்றான்.

அடுத்த சனிக்கிழமை எடுத்துக் கொடுத்தேன். 'இவனுக்கும் ஆசை இருக்கிறது, இங்கிலீஷ் எழுத்தை நானே சொல்லித் தருகிறேன்' என்று அவன்தான் ஐயரம்மாவிடம் சொன்னான். அவர் ஸ்டூலைக் காட்டி, "நீயும் உட்காருப்பா" என்றார்.

உட்கார்ந்தேன். மூட்டையைப் பற்றுவதுபோல விரல்கள் இறங்கி மூன்று கட்டைகளை ஒன்றாக அமுக்கின. பின்னால் நின்றவன் சொன்னான்: "மணிக்கட்டை இறுக்காதடா, தொங்க வுடு."

சரியாகத்தான் சொன்னான். தொங்கவிட்டேன். ஒற்றை ஸ்வரம் சுத்தமாக வந்தது. அதுவும் அவன் கொடுத்ததாகிவிட்டதே என்று வயிறு எரிந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, பக்கத்துக் கட்டையை அழுத்தினேன்.