சாமி சேவலுக்கு நான் மருந்து போடவில்லை

என் அம்மாவின் கோழிக்கூண்டு அசுத்தமானது என்று நான் சொன்னது பொய். பொய்யென்று தெரிந்தே சொன்னேன். பாலோ என்ற எங்கள் சிற்றூரின் வரிசை வீடுகளில் இன்றைக்கும் அதை நம்புகிறார்கள். அம்மாவும் நம்புகிறாள்.

அதுதான் பொறுக்க முடியவில்லை... அம்மாவும் நம்புகிறாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியில் ஆறாம் ஆண்டைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். பல்கலைக்கழகம் போய் உயிரியல் படித்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் குற்றவாளி.

கடைசித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தபோது, அம்மாவின் கோழிகள் மெலியத் தொடங்கின. வாலுக்கடியில் இறகைப் பிரித்துப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் பேன்கள் ஓடின. இறகுகளின் அடியில் ஈர் வெள்ளையாய் அப்பியிருந்தது.

பக்கத்து நகரமான குளுவாங்கில் பேன் தூள் வாங்கி வந்தேன். தூள் ஈரைக் கொல்லாது. அது பொரிந்ததும் மறுபடி போட வேண்டும். இந்தப் பேன் வாழ்வது கூண்டில் அல்ல, பறவையின் உடம்பில்; ஒரு பறவையைக்கூட விடக்கூடாது. விட்டால் அதிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஏறும். இது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அந்த வீட்டில் வேறு எவருக்கும் தெரியாது!

பெட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்துத் தூள் தேய்த்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வேலி மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னா பாப்பா, யுனிவர்சிட்டி போய்ட்டு வந்து கோழிக்கு மேக்கப் போட்றியா?"

"போடட்டுமே லா," என்றாள் அம்மா. "எம்மவ கை பட்டா நாளைக்கே ரெண்டு ரெண்டா முட்ட வுடும், பாரு."

சேவலைப் பிடிக்கப் போனபோது அப்பா தடுத்தார். "அது முனியாண்டி சேவல் மா. மருந்து பட்டா சாமிக்கு ஆவாது." நான் பட்டம் வாங்கினால் தருவதாக வேண்டிக்கொண்டு அவர் நேர்ந்துவிட்ட சேவல் அது.

நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். என் பேச்சை அப்பா தட்டியதே இல்லை. அவர் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போனபின் நானே தூளைப் போட்டிருக்கலாம். தனியாகவாவது கட்டி வைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? அப்பாவின் மனம் நோகும் என்றா?

இல்லை. என் முடிவு இன்னும் வரவில்லை... அதனால்தான். என் உழைப்பால் மட்டுமே படித்தேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் மார்தட்டியவள், சாமி சேவல் மேல் கை வைத்தால் தோற்றுவிடுவேனோ என்று நடுங்கினேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

சேவல் பெட்டைகளோடு மேய்ந்தது, மிதித்தது. இரண்டாம் முறை தூள் போட்டும் பேன் திரும்பி வந்தது. அடையிலிருந்த கோழி அரிப்புத் தாங்காமல் எழுந்து போக, முட்டைகள் கெட்டன. குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுந்தன.

"மருந்து கேக்கலயா பாப்பா?" என்று கேட்டார் லெட்சுமி அக்கா. அதில் கேலிகூட இல்லை. எனக்கோ உச்சந்தலை வரை சுட்டது.

"நான் சரியாத்தான் போட்டேன் கா. அம்மா கூண்ட இவ்ளோ அசிங்கமா வெச்சிருந்தா எந்த மருந்து கேக்கும்?"

அம்மா தவிட்டுக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றிருந்தாள். மறுநாள் பழைய பலகைகளைப் பிடுங்கி எரித்தாள். கொதிநீர் ஊற்றிக் கூண்டைத் தேய்த்தாள். அவளிடம் முட்டை வாங்கியவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நீங்களும் நிறுத்தியிருப்பீர்கள். கைநாட்டு வைப்பவளின் கூண்டு அழுக்கென்று படித்தவள் சொன்னால், எவர் போய்ப் பார்க்கிறார்? என்மேல் வரும் கோபத்தில் பாதி உங்கள்மேலும் வருகிறது.

முடிவு வந்தது. தேறினேன். பூசையில் சேவலை அறுத்தார்கள். உரிப்பதற்காக அம்மா அதைக் கையில் வாங்கினாள். சூடு ஆறிக்கொண்டிருந்த உடம்பிலிருந்து பேன்கள் அவள் மணிக்கட்டில் ஏறின. வாலுக்கடி முழுக்க ஈர். இப்போது அவளுக்கு விளங்கிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தியா பாப்பா, என் அசிங்கம் சாமி சேவல் வரைக்கும் ஏறியிருக்கு. அப்பாகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. பட்டதாரிக்கு என்று முதல் துண்டை என் இலையில் வைத்தார்கள். தின்றேன்.

சேவல் போனபின் மறுபடி இரண்டு தடவை தூள் போட்டேன். பேன் அடியோடு ஒழிந்தது. அம்மா கூண்டைச் சுத்தமாக வைத்ததால்தான் ஒழிந்தது என்றார் லெட்சுமி அக்கா. என் பொய்யை என் மருந்தே மெய்யாக்கிவிட்டது.

இன்று காலையும் அம்மா கூண்டுக்குள் குனிந்து, ஏற்கெனவே வெளுத்துப்போன பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"போதும் விடும்மா," என்றேன்.

"நீதானே சொன்ன," என்றாள், கையை நிறுத்தாமல்.