மாடி வீட்டுக்குக் குடுக்காத நோட்டீஸ்

மாடி வீட்டுக்குப் புதுசா ஆள் வராங்க. அக்ரிமென்ட் அடிக்க இன்னைக்கு லிங்கராஜபுரத்துல டைப்பிங் கடைக்குப் பழைய அக்ரிமென்ட்டையும் எடுத்துட்டுப் போனேன்.

"காலி பண்ணச் சொல்றதுன்னா ரெண்டு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ். பழைய அக்ரிமென்ட்ல இருக்கற மாதிரியே போட்டுடவா மேடம்?"ன்னு கேட்டார் கடைக்காரர்.

பழசுலயும் இருக்கா? வாங்கிப் பார்த்தேன். இருந்தது. கீழே என் கையெழுத்து. பதினோரு மாசத்துக்கு ஒருதடவை படிக்காமயே போட்டது.

முன்னாடி குடியிருந்த கவிதாவுக்கு நான் அனுப்பினது ஒரே ஒரு வாட்ஸ்அப். "இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

அவங்க பொண்ணுக்கு அப்போ பத்தாவது பரீட்சை நடந்துட்டிருந்தது.

"சரிக்கா"ன்னு மட்டும் பதில் போட்டாங்க. ரெண்டு பரீட்சைக்கு நடுவுல சாமான் ஏத்தினாங்க.

அவங்ககிட்டயும் ஒரு காப்பி இருந்திருக்கும். படிச்சிருந்தும் பேசாம போயிருப்பாங்களோ?

சாரி சொல்லணும். அதையாவது எழுத்துல குடுக்கணுமா, இல்ல அதுக்கும் வாட்ஸ்அப்பே போதுமா? நீங்களே சொல்லுங்க.