அத்தைக்குக் காட்ட வளர்த்த முடி

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஹாஸ்டலுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் காலமும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குற்றாலத்தில் தண்ணீர் விழும் நேரமாகப் பார்த்துத்தான் அவர்களுக்கு ஏழைப் பிள்ளைகள் ஞாபகம் வரும் என்று நான் கிண்டலாகச் சொல்வேன். ஹாஸ்டலை நடத்தும் கரஸ்பாண்டென்ட் ஐயா முறைப்பார். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். இலஞ்சிப் பக்கம் இருக்கும் இந்த மிஷன் ஹாஸ்டலில் வார்டனாக இருப்பவள் நான். அறுபது பெண்பிள்ளைகளுக்குத் தலை வாரி, பேன் பார்த்து, காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு உட்காருபவளுக்கு இவ்வளவு வாய்கூட இல்லாவிட்டால் எப்படி?

எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் கடல் தாண்டி ஒரு ஸ்பான்சர் உண்டு. பிள்ளையின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் பணம் அனுப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும். நாலாம் வகுப்பு படிக்கும் ஒருத்தி தன் ஸ்பான்சரை அத்தை என்றுதான் சொல்வாள். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா கேரளாவில் செங்கல் சூளையில் வேலை. சொந்தமென்று வந்து பார்க்க வேறு ஆளில்லாததால், கார்டில் சிரித்துக்கொண்டிருந்த அந்த நரைத்த தலைக்காரியை அவளே அத்தையாக்கிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்து "ஒங்க அத்தை, ஒங்க அத்தை" என்றே பேசிப் பேசி, கடைசியில் நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

இவள் ஹாஸ்டலுக்கு வந்தபோது தலையெல்லாம் சிக்கும் பேனுமாக இருந்தது. சீப்பே இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒட்ட வெட்டிவிட்டோம். காது இரண்டும் துருத்திக்கொண்டு நின்ற அந்தக் கோலத்தில் எடுத்த போட்டோதான் ஆபீஸிலிருந்து வெளிநாட்டுக்குப் போயிற்று. போட்டோவைப் பார்த்துவிட்டு இவள் அழுத அழுகை இருக்கிறதே! "அத்தை என்னயப் பாத்து ஆம்பளப் பயன்னு நெனச்சுக்கிடுவாங்கக்கா" என்று ஒரே புலம்பல். அன்றிலிருந்து முடி வளர்க்கும் வேலையில் இறங்கினாள். கறிவேப்பிலையைச் சோற்றில் ஒதுக்குகிறவள் மென்று தின்றாள். என் தேங்காயெண்ணெய் பாட்டில் அடிக்கடி காலியானது. யார் செய்தது என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் சடை இடுப்பைத் தொட்டது. இந்தச் சாரலுக்கு அத்தையே நேரில் வருகிறார்கள் என்று தெரிந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தைட்ட முடியக் காட்டதுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்குமாக்கா?"

"கிடைக்கும்ட்டி. நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விருந்தாளி வருகிற நாளில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளைகூட ஏழையாகத் தெரியக்கூடாது. எல்லாருக்கும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரெட்டைச் சடை பின்னி, மடித்துக் காதோரம் சிவப்பு ரிப்பனில் கட்டி, கனகாம்பரம் வைத்துவிடுவோம். காலையிலேயே பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவள் பின்னிவிடுவாள். அன்று பின்னுவதற்கு முடி இல்லாதவள் ஒருத்திதான். சுரண்டைப் பக்கத்துப் பிள்ளை, மூன்றாம் வகுப்பு. போன வாரம் ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போய் நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்குச் சந்தனம் மட்டும் தடவி வரிசையில் நிறுத்தினோம்.

வேன் வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். அத்தை நல்ல உயரம். கார்டில் பார்த்ததைவிட வயது கூடியிருந்தது. கையில் ஒரு போட்டோவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பூத்தட்டோடு நின்ற பிள்ளைகளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் நாலாங்கிளாஸ்காரி முகமெல்லாம் பல்லாக நின்றாள். அத்தை அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார்கள்.

அவளிலிருந்து மூன்றாவது ஆளாக நின்ற மொட்டைக்காரியிடம் வந்ததும், ஐயோ, அந்த அம்மா முகத்தில் வந்த சந்தோஷம்! சாரலில் சொதசொதவென்று கிடந்த தரையில் அப்படியே மண்டி போட்டு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார்கள். பையிலிருந்து நீலக் கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து மொட்டைத் தலையில் மாட்டினார்கள். சொந்தக் கையால் பின்னின தொப்பியாம். மொட்டைக்காரி தொப்பிக்கடியிலிருந்து என்னைப் பார்த்து முழித்தாள். ஆபீஸிலிருந்து புதுப் போட்டோ ஒன்றுகூடப் போகவில்லை, அந்த அம்மா கையிலிருப்பது ஒட்ட வெட்டின பழைய தலைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் கரஸ்பாண்டென்ட் ஐயாவிடம் ஓடினேன். "ஐயா, ஆள் மாறிப்போச்சு. அவுங்க பிள்ள இவ இல்ல."

"தெரியும், சும்மா இரு. எல்லாரு முன்னாலயும் சொல்லி விருந்தாளிய அவமானப்படுத்தவா? மனசு நொந்துபோவும் அவுங்களுக்கு. எல்லாம் நம்ம பிள்ளதான?"

விருந்தாளி மனசு நோகக்கூடாதாம்! அவர் கெட்டவரில்லை. வந்தவர்கள் முகம் வாடக்கூடாது என்பதில் எங்கள் ஊரே அப்படித்தான். தப்பான வீட்டுக்குள் நுழைந்தவரைக்கூட உட்காரவைத்துக் காபி கொடுத்த பிறகுதான் யாரென்று கேட்போம். அதற்குள் பாண்டு அடித்து, மாலை போட்டு, மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வரவேற்புப் பாட்டு, கோலாட்டம், பொன்னாடை, பிரசங்கம் என்று நிகழ்ச்சி நீண்டது. அத்தை மடியில் மொட்டைக்காரி. சாப்பிட்டதும் எல்லாரும் அருவிக்குப் போய், அப்படியே மதுரைக்குப் போய் விமானம் பிடிப்பதாக ஏற்பாடு. திரும்ப இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

யாரோ என் சேலையை இழுத்தார்கள். அவள்தான். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

"அக்கா, எனக்கும் இப்பவே மொட்ட போட்டுவிடுதீங்களா? அப்பந்தான் அத்தைக்கு என்னயத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போட்டோ அனுப்பாத ஆபீஸ் மேலா, காதை மறைத்துக் கட்டின ரிப்பன் மேலா, வாக்குக் கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றுகொண்டிருந்த என் மேலேயா! அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன். நிகழ்ச்சி முடிந்து விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு அங்கேதான் தனிச் சாப்பாடு. கதவைச் சாத்திவிட்டு, காரமில்லாத கோழியும் பாட்டில் தண்ணீருமாக நடக்கும். பிள்ளைகள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. நான் கதவைத் தள்ளினேன். ஐயா எழுந்தேவிட்டார்.

"மேடம், தட் கேர்ள் நாட் யுவர் கேர்ள். திஸ் ஒன் யுவர் கேர்ள்" என்றேன். இலக்கணம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டோவைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள். அப்போது எங்கள் பிள்ளை, பெரியவர்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொன்ன பிள்ளை, திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். மடித்துக் கட்டின ரிப்பனை அவளே உருவினாள். இரண்டு சடையும் இடுப்புவரை விழுந்தன.

அத்தை எழுந்து வந்தார்கள். அவளைத் திருப்பி நிறுத்தி, காதோரம் கிடந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டு, காதுகளைப் பார்த்தார்கள். அந்தப் போட்டோவில் முடியில்லாத தலையில் துருத்திக்கொண்டு நிற்கும் அதே காதுகள். "ஓ" என்று ஒரு சத்தம்தான் வந்தது. அப்புறம் அவர்கள் அழுத அழுகையில் கரஸ்பாண்டென்ட் ஐயாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

வாசலில் மொட்டைக்காரி தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பயந்துபோய் நின்றாள். திருடிவிட்டோமோ என்ற முழி. நீட்டினாள். எங்கள் பிள்ளை அதை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவள் தலையிலேயே மாட்டிவிட்டாள்.

"நீயே போட்டுக்கட்டி. சாரக்காத்து அடிக்குதுல்லா. எனக்குத்தான் முடி இருக்கே."

மற்றவர்கள் அருவிக்குப் போனார்கள். அத்தை போகவில்லை. வராந்தாப் படியில் அவளை முன்னால் உட்காரவைத்து, சடையை அவிழ்த்துச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் எண்ணெய். பின்னத் தெரியுமென்று சைகை காட்டிப் பின்னினார்கள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, வகிடு கோணலாக வந்தது. காலையில் தோழி பின்னியதை ஆறு தடவை கண்ணாடியில் பார்த்துக் குறை சொன்னவள், இதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டாள். அருவிக்குப் போன வேன் அத்தையை ஏற்ற வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. டிரைவரை நான் ஒரு அதட்டு அதட்டியதும் அடங்கினான்.

வேன் கேட்டைத் தாண்டும்வரை கையாட்டிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இனிமே நான் மொட்ட போட்டாக்கூட அத்தைக்கு என்னயத் தெரிஞ்சிரும்லா?"