உச்சிவெயிலில் விளக்கு கேட்ட மாமா

பேயை ஓட்டிய அனுபவம் எனக்கு ஒன்றே ஒன்று உண்டு. அப்போது எனக்கு எட்டு வயது. கைவசம் இருந்த தகுதி பயம் மட்டும்தான்.

புத்தூர்ப் பக்கம் எங்கள் கத்தரித் தோட்டத்தில் புழுவுக்கு மருந்தடித்துவிட்டு, மாமா உச்சிவெயிலில் வீடு திரும்பினார். முதுகில் மாட்டும் மிஷின் ஒழுகியதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்று அத்தையிடம் கேட்டார்: “இன்னாமே, இப்டி இருட்டிக்கினு கீது? வெளக்க ஏத்து.”

வெளியே கண்கூசும் வெயில்.

அத்தை சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது. கையில், தோலுக்கடியில் புழு நெளிவதுபோலச் சதை துடித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. அந்தக் கடுகு வழியாக வேறு யாரோ என்னைப் பார்ப்பதாகப் பட்டது.

“உச்சி வேளையில புளியமரத்தாண்ட நின்னுக்கினு இருந்திருக்காரு. புடிச்சிக்கிச்சு,” என்றாள் அத்தை.

எங்கள் வீட்டு வழக்கப்படி, பேய் பிடித்தவரைப் பூசாரி வரும்வரை குளிப்பாட்டக் கூடாது, உடுத்தியதைக் களையவும் கூடாது. களைந்தால் பேய் உள்ளேயே தங்கிவிடுமாம். ஆகவே மாமாவை ஈரச் சட்டையோடு சுவரில் சாய்த்துப் போர்வையும் சுற்றினோம். பேய்க்குக் குளிரக் கூடாதல்லவா.

பூசாரி வருவதாக இல்லை. மாமாவின் மூச்சு, கூழ் கொதிப்பதுபோல் களகளத்தது. என் கையில் மஞ்சள்தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து, வேப்பிலையால் தெளிக்கச் சொன்னார்கள். முதல் சொட்டுக்கே அவர் உடம்பு வெட்டி இழுத்தது. நான் அலறி, மொத்தக் குடத்தையும் அவர்மேல் கவிழ்த்துவிட்டேன்.

“கெட்டுச்சி போ!” என்று கத்திய அத்தை, இனி எந்த வழக்கத்தைக் காப்பது என்ற ஆத்திரத்தில் சட்டையைக் கிழித்தெறிந்தாள். வயலிலிருந்து ஓடிவந்த என் நைனா அவரை டிராக்டரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

நான்காம் நாள் மாமா உயிரோடு திரும்பினார்.

“மருந்து தோலு வழியா எறங்கிக்கிச்சாம். ஒடனே சட்டையக் கழட்டி சோப்பு போட்டுக் குளிப்பாட்டலையான்னு டாக்டரு திட்றாரு,” என்றார் நைனா.

“டாக்டருக்குப் பேயப் பத்தி இன்னா தெரியும்?” அத்தை என்னைச் சுட்டிக்காட்டினாள். “ஓட்னது யாரு, இதோ கீது பாரு!”

ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

மாதம் ஒன்று போனதும் மாமா மறுபடி மருந்தடிக்கக் கிளம்பினார். அதே மிஷின். இம்முறை முழுப் பாதுகாப்பு: இடுப்பில் எலுமிச்சம்பழம். ஓட்டியவர் என்ற முறையில் அதைக் கட்டிவிட்டது நான்தான். வெள்ளைச் சாரலுக்குள் அவர் நடப்பதை வரப்பில் நின்று பார்த்தேன். முதுகில் ஈரம் மெல்லப் படர்ந்தது.

வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.