ரஹ்மத்துல்லா சான்றிதழ் வாங்கிய கதை

அரவேணு கடைவீதியில் ரஹ்மத்துல்லாவின் மளிகைக் கடை பன்னிரண்டு வருடங்களாகப் பத்து மணிக்குத்தான் திறந்தது. பால் பாக்கெட்டுக்கு வருகிறவர்கள் பூட்டைப் பார்த்து அலுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார்கள். மனிதர் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. மகள் நாஜ்னீனை எட்டு மணி பஸ்ஸில் கோத்தகிரி சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப்போய் விட்டுவருவதுதான் அவருக்கு முதல் வேலை. ஆட்டிசம் உள்ள பெண், தனியாக அனுப்ப முடியாது.

அந்தப் பஸ் காலத்தை நினைத்தால் இப்போதும் அவர் முகம் மலர்ந்துவிடும். அவளுடைய ஜன்னலோர இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் கண்டக்டர் சும்மா விடமாட்டார். "ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க. அது நம்ம நாஜ்னீன் சீட்டுங்க" என்பார். மந்திரியே வந்திருந்தாலும் எழுப்பியிருப்பார். ஏழாவது வருடம், நல்ல மழையில், அந்தப் பஸ்ஸில்தான் அவள் முதன்முதலாகத் தன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்கு ரஹ்மத்துல்லா கடைவீதி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். வீட்டில் ஏதோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். அவருக்கு அது கல்யாணத்துக்கும் மேல்.

போன மார்ச்சில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது, பள்ளியும் முடிந்தது. அதை அவளுக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை. தினமும் ஏழே முக்காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டு, பையோடு வாசலில் வந்து நிற்பாள். பஸ் போய்விட்டால் தன் மணிக்கட்டையே ரத்தம் வரும்வரை கடிப்பாள். அம்மா தபஸ்ஸும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுவாள்.

பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஜீவிதா டீச்சர்தான் வழி சொன்னார்.

"கோத்தகிரியிலயே பகல்நேர மையம் ஒண்ணு இருக்குதுங்கண்ணா. அதே பஸ்ஸு, அதே நேரம். மாசக் கட்டணம் உண்டு. கவர்மெண்ட்ல பராமரிப்பு உதவித்தொகை வாங்கிட்டா அதுலயே கட்டிரலாங்க. பதினெட்டு ஆயிட்டதால, நீங்கதான் பாதுகாவலர்னு கலெக்டர் ஆபீசுல ஒரு மனுவும் குடுக்கணும். எல்லாத்துக்கும் மொதல்ல டாக்டர் சான்றிதழ் வேணுமுங்க."

கடை வருமானம் மூன்று வயிற்றுக்கே சரியாக இருந்தது. உதவித்தொகை வந்தால்தான் மையம்.

இங்கேதான் ரஹ்மத்துல்லா சொதப்பினார். டாக்டர் முன்னால் பெண் திருதிருவென்று விழிக்கக் கூடாதே என்று, பதினைந்து நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பேர், ஊர், வயது. ஊட்டியில் சான்றிதழுக்காக நடந்த மருத்துவ முகாமுக்குப் பெருநாள் உடுப்பில் கூட்டிப்போனார். டாக்டரும் அதையேதான் கேட்டார். நாஜ்னீன் கணீரென்று மூன்றையும் சொன்னாள்.

"தானாச் சாப்பிடுவாங்களா? குளிக்கிறது, துணி மாத்துறது?"

"எல்லாஞ் செய்யுமுங்க சார். தங்கமான புள்ளைங்க."

பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். சான்றிதழ் வந்தபோது குறைபாட்டு விழுக்காடு மிகக் குறைவாக இருந்தது. அவர் சொன்னதைத்தான் டாக்டர் எழுதியிருந்தார். உதவித்தொகைக்கு அது போதாது என்று மனு திரும்பிவந்தது.

ஜீவிதா டீச்சருக்கு வந்ததே கோபம்.

"என்னங்கண்ணா இப்பிடிப் பண்ணிட்டீங்க! அவளுக்கு என்ன முடியும்னு அங்க கேக்கலைங்க. என்ன முடியாதுன்னுதான் கேக்கறாங்க."

மறுபரிசோதனைக்கு மனுப் போட்டு, இரண்டு மாதம் காத்திருந்து, மறுபடியும் ஊட்டிக்குப் போனார்கள். இந்தத் தடவை நாஜ்னீனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரேதான் பேசினார். இரண்டு மணி நேரம் ஆனது. டாக்டர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். தபஸ்ஸும் தேநீரை நீட்டினாள்.

"என்னங்க ஆச்சு? கெடைக்குமா?"

"கெடைச்சிரும். இப்பப் போதும்னுட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்பறம் ஏன் இப்பிடி உக்காந்திருக்கீங்க?"

"துணி தானா மாத்தத் தெரியாது, பசிச்சாச் சொல்லத் தெரியாது, மாசத்துல அந்த மூணு நாளும் அவ அம்மாதான் பாக்கணும், எல்லாத்தையும் சொன்னேன், தபஸ்ஸும். பதினெட்டு வருசத்துல எவன்கிட்டயும் எம்புள்ளைய விட்டுக்குடுத்துப் பேசுனதில்ல. இன்னிக்குப் பேசிட்டேன்."

தபஸ்ஸும் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவள வெளிய உக்கார வெச்சிட்டுத்தானே சொன்னீங்க?"

"இல்ல" என்றார் ரஹ்மத்துல்லா. "அவ கையப் புடிச்சுக்கிட்டேதான் சொன்னேன்."